புலிக்கு இட்ட பீடம்



சென்ற பௌர்ணமியன்று நம் சங்கத்தார் முப்பது பேர் கான்ஹேரி மலைக்குச் சென்று வந்தோம். திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடித்து, குகை வாயிலிலுள்ள கற்றிண்ணையில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டுகொண்டிருந்தபொழுது, உடன் வந்த இளைஞர் ஒருவர் வினவினார்: "ஐயா, இத்துணைப் பெரிய மும்பை நகரத்தின் நடுவே சிறுத்தைகளை எதற்காக விட்டு வைத்திருக்கிறார்கள்? அவற்றைப் பிடித்து அப்புறப்படுத்திவிட்டால் நாமெல்லாம் அச்சமின்றி வந்து தொழலாமே!"

கேள்வி நியாயமானதே. அதை நகைத்து ஒதுக்க நமக்கு உரிமையில்லை. ஏனெனில் 2004-ஆம் ஆண்டில் அதே கேள்வியைக் கேட்டவர்கள் நாம். கேட்டதோடு நில்லாமல் வீடு வீடாகச் சென்று கையெழுத்தும் திரட்டினோம். ஆகவே அவ்விளைஞருக்கு அன்று சொன்ன விடையையும், வெட்கத்தால் சொல்லாமல் விட்டதையும் இங்கே சேர்த்துச் சொல்லுகிறோம்.

முதலில் அந்த மலையைப் பற்றிச் சிறிது அறிவோம். கிருஷ்ணகிரி, அதாவது கருமலை என்னும் பெயரே மருவிக் கான்ஹேரி ஆயிற்று. கி.மு. முதல் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் காலம் பிக்குகள் அங்கு வாழ்ந்தனர். கரும்பாறையில் குடையப்பட்ட குகைகள் 100-க்கு மேல் உள்ளன. சோபாரா, கல்யாண் முதலிய பட்டினங்களின் வணிகர் அளித்த தானங்களைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. குகைதோறும் மழைநீரைச் சேர்க்கும் கற்றொட்டியும், நீரை வழிநடத்தும் வாய்க்காலும் உண்டு. வனத்தில் வாழ வந்தவர்கள் பாறைக்குள் தமக்கு இடம் செய்துகொண்டு, வானம் கொடுத்த நீரைத் தேக்கிப் பருகினார்கள். மழைக்காலத்தில் பிக்குகள் பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதித்துத் திரிகிறார்கள் என்று மக்கள் குறைகூறியபொழுது, அக்குறையைச் செவிமடுத்து, மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கும் விதியை வகுத்தவரல்லவா நம் பகவன்?

இனி, இளைஞர் கேட்ட கேள்விக்கு விடை ஜாதகக் கதைகளிலேயே இருக்கிறது. 547 கதைகளுள் 272-ஆவதான வியாக்க ஜாதகம் அது. வியாக்கம் என்பது புலி.

போதிசத்துவர் ஒரு பிறவியில் வனமொன்றில் மரதேவதையாக இருந்தார். பக்கத்துப் பெருமரத்தில் வேறொரு தேவதை இருந்தது. அவ்வனத்தில் ஒரு சிங்கமும் ஒரு புலியும் வாழ்ந்தன. அவற்றுக்கு அஞ்சி எவனும் அங்கே மரம் வெட்டவோ நிலம் உழவோ துணியவில்லை. ஆனால் அவை தின்று எறிந்த மிச்சத்தால் காடெங்கும் துர்நாற்றம் வீசியது. பொறுக்கமாட்டாத மற்றத் தேவதை, "இவற்றை விரட்டப் போகிறேன்" என்றது. "இவ்விரண்டினாலேதான் நம் இருப்பிடம் காப்பாற்றப்படுகிறது, இவற்றின் அடிச்சுவடு காணப்படாத நாளில் மனிதர் கோடரியோடு வருவர்" என்று போதிசத்துவர் தடுத்தார். அது கேளாமல் பயங்கர வடிவெடுத்து அவற்றைத் துரத்திவிட்டது.

சுவடு காணாத மக்கள் வந்தனர். காட்டின் ஒரு பக்கத்தை வெட்டினர். அறிவற்ற தேவதை நடுங்கிப்போய், அடைக்கலம் புகுந்த வனத்துக்கே சென்று கைகூப்பி, திரும்பி வருமாறு அவ்விலங்குகளை வேண்டியது. அவை வர மறுத்துவிட்டன. சில நாட்களில் வனமுழுதும் வயலாயிற்று. தேவதைகளுக்கு வீடில்லை.

இக்கதை எதற்காகச் சொல்லப்பட்டது? சாரிபுத்தர், மொக்கல்லானர் என்னும் பெரியோரைத் துரத்திவிட்டுப் பின்னர் அழைத்துவரச் சென்று தோற்ற கோகாலிகனை முன்னிட்டுச் சொல்லப்பட்டது. வேண்டாதது என்று நாம் விரட்டுவதன் நிழலிலேதான் நாம் குடியிருக்கிறோம் என்பதை, அது போன பிறகே அறிகிறோம்.

நிற்க. கதையில் வனம் வயலாயிற்று. மும்பையிலோ வயல் வனமாயிற்று. இந்நகரத்தின் குடிநீருக்காக 1860-இல் விகார் ஏரியும், 1879-இல் துளசி ஏரியும் கட்டி முடிக்கப்பட்டன. நீர் மாசுபடலாகாது என்று, சுற்றியிருந்த நீர்ப்பிடிப்பு நிலத்தில் உழவும் குடியிருப்பும் விலக்கப்பட்டன. மனிதன் விலகி நின்றான், மழை பெய்தது, பறவை விதை கொணர்ந்தது, காடு வளர்ந்தது. ஏரியை அடுத்த அக்காடுகளையும் உள்ளடக்கியதே இன்றைய தேசியப் பூங்கா. 1996 முதல் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என வழங்கும் அதன் பரப்பு ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர். ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் நெருங்கி வாழும் நகரத்தில் இத்தகைய வனம் இருப்பது வியப்பே. 1929-இல் விகார் ஏரிக்கரையில் ஒரு புலி சுடப்பட்டது. அதற்குப் பின் புலி அங்குக் குடிகொள்ளவில்லை. ஆனால் சிறுத்தை நிலைத்துவிட்டது. தானியங்கி நிழற்படக் கருவிகள் வைத்துக் கணக்கிட்டதில் பூங்காவிலும் அதன் சுற்றுப் பகுதியிலும் 2015-இல் 35 சிறுத்தைகளும், 2018-இல் 47 சிறுத்தைகளும் காணப்பட்டன.

காடு திரும்புவதற்கு மனிதன் செய்யவேண்டிய பெருஞ்செயல் பெரும்பாலும் ஒன்றுதான்: கையை இழுத்துக்கொள்வது. கொடுக்கப்படாததை எடாதிருப்பேன் என்று நாள்தோறும் ஓதுகிறோமே, அந்த இரண்டாம் சீலம் நிலத்துக்கும் பொருந்தும்.

ஆனால் விலகி நிற்க மனிதனுக்குக் கற்பித்தவர் யார்? ஏரி கட்டிய அரசாங்கம் மட்டுமா? அன்று. அவ்வனத்திலும் அதன் ஓரத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழும் வார்லிப் பழங்குடியினரின் தெய்வம் வாகோபா. வாகோபா என்றால் புலித்தெய்வம். புலி, சிறுத்தை இரண்டும் அவருக்குள் அடக்கம். மரத்திலோ கல்லிலோ புலியுருவைச் செதுக்கி, சூரிய சந்திரரையும் உடன் பொறித்துச் செந்தூரம் பூசி வைக்கின்றனர். மும்பைப் புறநகர், தாணே, பால்கர் மாவட்டங்களில் இத்தகைய பீடங்கள் ஏறத்தாழ 150 இருப்பதை 2021-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை பதிவு செய்திருக்கிறது. தீபாவளியை ஒட்டி வரும் வாக்பாரஸ் என்னும் நாளில் சிறப்புப் பூசை நடைபெறும். ஊர் புலிக்கு உரிய மரியாதையைச் செய்யும். புலி ஊரைக் காக்கும். இதுவே அவர்களுடைய உடன்படிக்கை. அதில் புலி பகைவனன்று, பக்கத்து வீட்டுக்காரன்.

இவற்றையெல்லாம் நாம் அன்று அறியோம். ஆலையில் நெசவுப் பகுதியில் வேலை செய்து, ஆலை மூடப்பட்ட பின் வாடகை குறைந்த இடம் தேடி, காட்டின் கிழக்கு ஓரத்தில் மலைச்சரிவில் ஒரு கொட்டகையில் குடியேறினோம். தெருவிளக்கு இல்லை, கழிப்பறை இல்லை, குப்பை வண்டி வருவதில்லை. குப்பை குவிந்த இடத்தில் நாய்கள் பெருகின. நாய்களைத் தேடிச் சிறுத்தை வந்தது. 2002 முதல் 2004 வரை அக்காட்டோரமெங்கும் சிறுத்தைகள் மனிதரைத் தாக்கிப் பலர் மாண்டனர். 2004 ஜூன் மாதம் கொடிய மாதம். அம்மாதத்திலேதான் நம் வரிசையிலும் ஒரு வீடு தன் பிள்ளையை இழந்தது. ஆறு வயதுச் சிறுவன். இருட்டில் வெளிக்குப் போனவன் திரும்பவில்லை.

அப்பொழுது நாம் திரட்டியதே அந்தக் கையெழுத்து. "எல்லாச் சிறுத்தைகளையும் பிடித்து வேறு காட்டில் விடுக" என்பது நம் விண்ணப்பம். கூண்டு வந்தது; ஒன்று அகப்பட்டது. வெடி வெடித்து இனிப்பு வழங்கினோம். அடுத்த மாதமே வேறொன்று வந்தது.

காட்டோரப் பாடாவில் வாழ்ந்த ஒரு வார்லி மூதாட்டி அன்று நம்மிடம் கூறியதை மறக்க முடியவில்லை. "எங்களுக்குத் தெரிந்த புலியைக் கொண்டுபோய்விட்டீர்கள். இப்பொழுது வந்திருப்பதற்கு எங்களையும் தெரியாது, வழியையும் தெரியாது" என்றாள். கிழவியின் மூடநம்பிக்கை என்று நாம் சிரித்தோம். பள்ளி செல்லாமல், ஆலை வாயில் தேநீர்க் கடையில் எழுத்துக் கூட்டிப் படித்துக் கற்ற நமக்கு, பிறருடைய அறிவைக் கண்டு சிரிக்கும் துணிவு எங்கிருந்து வந்ததோ!

பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு செய்தியைப் படித்தோம். புனே மாவட்டத்து ஜுன்னர்ப் பகுதியில் 2001 முதல் 2003 வரை நூற்றுக்கு மேற்பட்ட சிறுத்தைகள் பிடிக்கப்பட்டு, அவற்றுள் பல வேறு காடுகளில் விடப்பட்டன. அதற்கு முன் அங்கே சிறுத்தை மனிதரைத் தாக்கியது ஆண்டுக்குச் சராசரி 4 முறை. இடம்மாற்றத் தொடங்கிய பின் அது 17 ஆயிற்று. 2011-இல் ஆராய்ச்சியாளர் இதை வெளியிட்டனர். நமது பூங்காவிலும் வேற்றிடத்துச் சிறுத்தைகள் விடப்பட்ட காலம் அது. பழகிய விலங்கைப் பெயர்த்தால் அதன் இடம் வெறுமையாகிப் புதியது நுழைகிறது. பெயர்க்கப்பட்டதோ அறியாத நிலத்தில் அச்சத்தோடு அலைகிறது. மூதாட்டி ஒரே வாக்கியத்தில் சொன்னது இதுவே.

தறியில் நின்றவர்கள் அறிவார்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் அதனோடு போவதில்லை. பார்த்து முடிந்துவிடாவிட்டால், பக்கத்து இழைகளும் சிக்கித் துணியில் நெடுகப் பழுது ஓடும். இதனாலே இது உண்டாகிறது, இது இல்லையெனில் அதுவும் இல்லை என்று பகவன் கண்ட சார்புத் தோற்றத்தை நாம் முதலில் கற்ற பள்ளி அந்தத் தறியே. கற்றும், காட்டைப் பார்க்கும்பொழுது அதை மறந்தோம்.

இனிச் சொல்லப்போவதே இவ்வுரையின் கடினமான பகுதி. நாம் தம்மம் பேசத் தொடங்கிய பின் ஒரு நாள் இந்த ஜாதகத்தைச் சொல்லி, எல்லா உயிர்களிடத்தும் மைத்திரி வேண்டும் என்று முடித்தோம். கூட்டம் கலைந்த பின் ஓர் அம்மையார் எழுந்து வந்தார். பிள்ளையை இழந்த அதே தாய். "அண்ணா, சிறுத்தைக்குக் கருணை காட்டச் சொன்னீர்கள். என் பிள்ளைக்கு யார் காட்டினார்கள்?" என்று கேட்டார்.

நம்மிடம் விடை இல்லை. அன்றிரவு உறக்கமும் இல்லை.

பிறகு எண்ணிப் பார்த்தோம். அச்சிறுவனைக் கொன்றது சிறுத்தை என்பது உண்மை. இரவில் இருட்டுக்குள் அவனை அனுப்பியது எது? கழிப்பறை இல்லாமை. நாயையும் சிறுத்தையையும் வாயிலுக்கு அழைத்தது எது? அள்ளப்படாத குப்பை. தாக்கப்பட்டவர்களுள் பலர் ஏழைகளின் சிறுவர்களாக இருந்தது தற்செயலன்று. ஆகவே கருணை என்பதைச் சிறுத்தைக்கும் பிள்ளைக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கவேண்டியதில்லை. ஒரே கருணையே இருவரையும் காக்கும். ஆனால் அது வாயளவில் நிற்கலாகாது. மறுவாரமே அவ்வம்மையாரும் நாமும் சேர்ந்து, விளக்கும் கழிப்பறையும் குப்பைத் தொட்டியும் கேட்டு உரிய அலுவலகத்தின் படியேறத் தொடங்கினோம். நான்கு ஆண்டுகள் ஏறினோம். கடைசியில் கிடைத்தன. அந்தக் கழிப்பறைத் திறப்புவிழாவில் நாம் செய்தது ஒரு தம்ம உபதேசமே என்று இன்றும் கருதுகிறோம். அவ்வம்மையார் சிறுத்தையை மன்னித்துவிட்டதாகக் கூறவில்லை. நாமும் அதைக் கேட்கவில்லை. மாலையானால் வரிசையிலுள்ள பிள்ளைகளை உள்ளே அழைப்பவர் இன்றும் அவரே.

2011 முதல் வனத்துறையினரும் ஆராய்ச்சியாளரும் நகரத்தாரும் சேர்ந்து இவ்வறிவைக் காட்டோரமெங்கும் பரப்பிவருகின்றனர். தாக்குதல்கள் பெரிதும் குறைந்தன. ஆயினும் அடியோடு நின்றுவிடவில்லை. 2022-இல் ஆரேயில் ஒரு பச்சிளங்குழந்தை பலியாயிற்று. ஆகவே விழிப்பு ஒரு நாளும் ஓயலாகாது. அப்பமாதம், அதாவது சோர்வின்மை, பகவனின் இறுதி உபதேசமன்றோ!

மற்றொரு தவறும் உண்டு. புலியை விரட்டினால் வனம் அழியும் என்று கண்டோம். வனத்தைக் காக்க மனிதனை விரட்டலாம் என்று எண்ணுவோரும் உளர். 1997-இல் உயர்நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்பேரில் பூங்காவுக்குள் இருந்த ஆயிரக்கணக்கான குடிசைகள் பின்னர் இடிக்கப்பட்டன. வனத்துக்கு இடம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் குடிசை போன இடத்துக்கு அப்பால், "காட்டைப் பார்த்தபடி வாழலாம்" என்று விளம்பரம் செய்து மாடிவீடுகள் எழுகின்றனவே! விலகி நிற்கும் கடமை ஏழைக்கு மட்டுமா? அதைவிட வருந்தத்தக்கது, புலிக்குப் பீடமிட்ட வார்லி மக்களையே அந்நியர்போல் நடத்துவது. 2019 அக்டோபரில் ஆரேயில் ரயில் பணிமனைக்காக 2,000-க்கு மேற்பட்ட மரங்கள் இரவோடிரவாக வெட்டப்பட்டபொழுது, மாணவர்களோடு நின்று மறித்தவர்களுள் அம்மக்களும் இருந்தனர். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின்பே வெட்டு நின்றது. கதையை மறவாதவர்கள் இருந்தால்தான் காட்டுக்குக் காவல் இருக்கும். கதை சொல்பவனை வெளியேற்றிவிட்டு வேலி கட்டினால், அடுத்த தலைமுறைக்கு அது வெறும் காலிமனையாகத் தோன்றும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். வாகோபாவுக்குக் கோழியும் ஆடும் பலியிடுகிறார்களே, பௌத்தராகிய நாம் அதைப் போற்றலாமா? போற்றவில்லை. உயிர்க்கொலை எப்பெயரால் நிகழ்ந்தாலும் முதற்சீலத்துக்கு மாறானதே. ஆனால் ஞாயிறுதோறும் இறைச்சிக் கடையில் வரிசையில் நிற்கும் நாம், ஆண்டுக்கொரு கோழியைக் காட்டி அவர்களைப் பழிப்பது அழகன்று. பலியை விலக்கி, அதற்குள்ளிருக்கும் பணிவைக் கொள்வோம். வனத்திலிருந்த பிக்குகளை மரதேவதைகள் அச்சுறுத்தியபொழுது, பகவன் அத்தேவதைகளை ஓட்ட மந்திரம் கொடுக்கவில்லை. மைத்திரியைக் கற்பித்து அதே வனத்துக்குத் திருப்பி அனுப்பினார். தேவதைகள் நண்பராயின. நமக்கு அதுவே பலியில்லாத பூசை.

தாராவியிலிருந்து இவ்விதழைப் படிக்கும் அன்பர்கள், "காடு எங்கோ இருக்கிறது, நமக்கென்ன?" என்று நினைக்கலாம். உங்கள் குடியிருப்பின் ஓரமாக மாஹிம் கழிமுகத்துக்குச் செல்லும் மித்தி நதி, விகார், பவாய் ஏரிகளின் வழிநீரால் பிறப்பது. 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை ஒரே நாளில் கொட்டியபொழுது, குப்பையாலும் கட்டடங்களாலும் நெரிக்கப்பட்ட அந்நதி யார் வீட்டுக்குள் புகுந்தது என்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மலைமேல் காடு நின்று மழையை உறிஞ்சித் தாங்குவதால்தான் கீழே வெள்ளம் அந்த அளவோடு நிற்கிறது. சிறுத்தை காக்கும் காடு, காடு காக்கும் ஏரி, ஏரி பெற்ற நதி, நதிக்கரையில் தமிழன் குடிசை. இதுவும் ஒரு பாவுதான்.

ஆகவே உபாசக உபாசிகைகளே, இந்த வஸ்ஸ காலத்தில் நாம் மேற்கொள்ளவேண்டிய விரதங்கள் இவை: காட்டோரத்தில் வாழ்வோர் குப்பையைத் திறந்தவெளியில் எறியாதிருப்போம். இருட்டிய பின் பிள்ளைகளைத் தனியே அனுப்பாதிருப்போம். சிறுத்தை தென்பட்டால் கூட்டங்கூடிக் கூச்சலிடாமல், அது செல்ல வழிவிட்டு வனத்துறைக்கு அறிவிப்போம். விளக்கும் கழிப்பறையும் இல்லாத வரிசைகளுக்காக ஒன்றுகூடிக் கேட்போம். கான்ஹேரிக்குச் செல்வோர் கொண்டுபோன பொட்டலத் தாள் ஒன்றையும் அங்கே விடாமல் திரும்புவோம். வழியில் வாகோபாவின் பீடத்தைக் கண்டால் ஏளனம் செய்யாது, அக்கதையை அவர்கள் வாயாலேயே கேட்டு நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். சோலை வைத்தோர்க்கும் நீர்நிலை அமைத்தோர்க்கும் இரவும் பகலும் புண்ணியம் வளரும் என்பது பகவன் வாக்கு. தானே வளரும் சோலையை வெட்டாது விட்டோர்க்கும் அப்பங்கு உண்டென்பதே நம் துணிபு.

கேள்வி கேட்ட இளைஞர் மலையிறங்கும்பொழுது ஈரமண்ணில் ஒரு சுவட்டைக் கண்டு நின்றார். நாயோ, சிறுத்தையோ, நமக்குத் தெரியவில்லை. "ஐயா, சுவடு இருக்கிறது" என்றார். "இருக்கட்டும், சுவடு இருக்கும்வரை கோடரி வராது" என்றோம். அவர் அதை மிதிக்காமல் சுற்றி நடந்தார். நமக்குப் பின்னால் வந்த இருபத்தெட்டுப் பேரும் அவ்வாறே சுற்றி நடந்தனர்.

சாது! சாது! சாது!